உமிக்கரியும் முதல் சோறும்

— சிரிக்காதே புதுல் அம்மா! இடி விழுந்தவன் மாதிரி வந்து நிக்கிறேன்.

— சிரிக்கலீங்க. விஷத்தை உறிஞ்ச உமிக்கரி போட்ட பாதி வயல் நெல்லுல ஆர்சனிக் ரொம்பக் கம்மின்னு பரிசோதனையில வந்துடுச்சுன்னுதானே காலையில சந்தையிலேர்ந்து ஆடிக்கிட்டே வந்தீங்க?

— ஆடினேன். அப்புறம் விவசாய ஆபீசுல மிச்சத்தையும் சொன்னாங்க, ஆட்டம் நின்னுடுச்சு. கரி போடாத பாதியிலயும் கம்மியாம்!

— அட, ரெட்டைச் சந்தோஷம்! இன்னொரு தடவை ஆடுங்க!

— கேட்டியா, விவசாய ஆபீசர் தலையில கை வச்சுட்டார். ஒப்பிட்டுப் பாக்கத்தானே அந்தப் பாதியைச் சும்மா விடச் சொன்னார்? அதே போர்த் தண்ணி பாயுற பக்கத்து ஹராதன் வயல் நெல்லுல ஆர்சனிக் எக்கச்சக்கம். நம்ம வெறும் பாதியில மட்டும் எங்கே போச்சு? "நித்தாய், ரெண்டு பையிலயும் ஒரே நெல்லை அள்ளிட்டு வந்துட்டே"ங்கிறார்.

— அள்ளுனீங்களா?

— என் மீசை மேல சத்தியமா இல்ல!

— இருக்கிறதே நாலு முடி. அது மேல சத்தியம் வேற!

— மறுபடி சிரிக்கிறே! முடிவு செல்லாதாம். நெல்லையெல்லாம் ஒண்ணாக் குவிச்சாச்சு, அதை நம்ப முடியாதாம். வெள்ளிக்கிழமை பேரனுக்கு முதல் சோறு ஊட்டணும். தாத்தா வயல் அரிசியில பாயசம்னு சம்பந்தி வீட்டுல மார் தட்டிட்டு வந்தேனே! இப்பக் கடை அரிசிதான்.

— அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நம்ம அரிசிதான். ஊற வச்சாச்சு.

— விளையாடறியா? பச்சப்புள்ளை வாயிடி! நடவுக்கு முன்னாடியே சகுனம் சரியில்ல. நான் கூத்துப் பாக்கப் போன ராத்திரி மாட்டுக்கொட்டாய்லேர்ந்து மிச்சமிருந்த ரெண்டு மூட்டைக் கரி, அதோட கலக்கக் கொல்லன் தந்த இரும்புத்தூள், எல்லாம் காணாமப் போச்சு. அந்த ஹராதன்தான் திருடியிருப்பான்.

— அவரை ஏங்க இழுக்கறீங்க, பாவம்.

— மறுநாள் உன் கையெல்லாம் கன்னங்கரேல்னு இருந்துச்சே, நினைவிருக்கா? மீன்சட்டி தேய்ச்சேன்னே.

— தேய்ச்சேன்... சட்டியையும் தேய்ச்சேன்.

— சட்டியையும்னா? புதுல் அம்மா, இங்கே பாரு. முதல்ல சிரிப்பை நிறுத்து. அப்புறம் சொல்லு.

— திட்டக் கூடாது. ரெண்டு மூட்டையையும் நான்தாங்க அந்த வெறும் பாதியில தூவினேன். ரெண்டுமே நாம நடற பயிரு. ஒரு பிள்ளைக்குச் சோத்தையும் இன்னொரு பிள்ளைக்கு விஷத்தையும் வைக்க எனக்கு மனசு வரலீங்க.