துடுக்கனுக்கு ஒரு சாட்சி

அக்கா: ... அதெல்லாம் சரி, நீ வழியை விடு. லாயத்துக் கதவை மறிச்சுக்கிட்டு நின்னா டாக்டர் எப்படி உள்ள வருவாரு?

தம்பி: வரவே வேண்டாம்! நம்ம துடுக்கனுக்குக் காயடிக்கணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும்.

அக்கா: உன்னைத் தாண்டுறதுக்கு அந்தக் குதிரையே போதும். ஒரே பாய்ச்சல்.

தம்பி: பாத்தியா, நீயே சொல்றே! போன போட்டியில ஒரு கட்டைகூட விழாம அத்தனை தடையையும் தாண்டினானே. அந்தக் கோப்பை உன் அலமாரியிலதானே இருக்கு?

அக்கா: அன்னிக்கு மழைடா. மத்த குதிரையெல்லாம் சேத்துல வழுக்கிச்சு. ஒரு கோப்பையை நம்பிப் பொலிக்கு விட முடியுமா?

தம்பி: அதுக்கு முந்தின வருஷம்? அதுக்கும் முந்தி?

அக்கா: சரி... நல்லாத்தான் தாண்டுறான். காலும் இதுவரைக்கும் வீங்கினதில்ல. குணமும் தங்கம்...

தம்பி: அப்புறம் என்னதான்க்கா குறை?

அக்கா: அதெல்லாம் அவனோட சாமர்த்தியம். நீ பழக்கின பழக்கமாவும் இருக்கலாம். பிள்ளைக்கு இறங்குமா? அவன் குட்டி தாண்டணும். அப்பதான் நம்புவேன்.

தம்பி: பொலிக்கு விட்டாத்தானே குட்டி! குட்டி தாண்டினாத்தான் பொலிக்கு விடுவேன்னா... இது எந்த ஊரு நியாயம்?

அக்கா: கத்தாதே, அவன் மிரள்றான்.

தம்பி: இவனா? என் பாக்கெட்டுல கேரட் தேடுறான்! டேய், சட்டையைக் கிழிக்காதே. உன் தலையெழுத்தைப் பேசிக்கிட்டிருக்கோம், உனக்குத் தீனியா முக்கியம்?

அக்கா: நேத்துதானே ஒரு பை நிறைய வாங்கினே?

தம்பி: அது... பக்கத்து ரொட்டிக்காரம்மா வீட்டுக் குதிரைக்குட்டிக்குப் போட்டுட்டேன்.

அக்கா: தினமுமா?

தம்பி: பாவம்க்கா, சின்னது.

அக்கா: சின்னதா? காலையில பாத்தேன் அதை. யாரும் ஏறல, யாரும் விரட்டல. வேலியை அலட்சியமாத் தாண்டி நம்ம முற்றத்துல வந்து நிக்குது! முன்னங்காலை என்ன அழகா மடக்குதுங்கிறே...

தம்பி: பாத்தியாக்கா? நிஜமாவா?

அக்கா: நீ ஏன்டா இப்படிக் குதிக்கிறே? அதோட அம்மா ரொட்டி வண்டி இழுக்குற சோம்பேறி. வழியில குச்சி கிடந்தாக்கூட சுத்திக்கிட்டுப் போகும். அப்ப குட்டிக்கு அந்தத் துள்ளல் எங்கேருந்து வந்துச்சு?

தம்பி: அது... வந்து... அடிக்கக் கூடாது.

அக்கா: சொல்லித் தொலை.

தம்பி: துடுக்கன்தான்க்கா அதோட அப்பன்! ஒரு நாள் லாயத்துக் கொக்கி கழண்டு கிடந்துச்சு. நான்தான் சரியா மாட்டலைன்னு பதறிப்போய் ஓடினா... இவன் அங்க மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு ரொட்டிக்காரம்மா கால்ல விழாத குறை.

அக்கா: அவங்களும் சொல்லல?

தம்பி: மூச்சு விடல. நல்ல மனுஷி!

அக்கா: ரொம்ப... ரொம்ப நல்ல மனுஷி.

தம்பி: ஏன் சிரிக்கிறே? ஐயோ, டாக்டர் வண்டி வந்துடுச்சு! அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன், திருப்பி அனுப்பிடு.

அக்கா: எதுக்கு? குட்டி வேலியைத் தாண்டினதுமே அவருக்குப் போன் போட்டுட்டேன். கத்தி வேண்டாம், பொலிக்கு லாயக்கான்னு சோதிச்சுட்டுப் போங்கன்னு.

தம்பி: அக்கா! என் செல்ல அக்கா! டேய் துடுக்கா, கேட்டியாடா... இரு. அவன் குட்டின்னு நான் இப்பதானே சொன்னேன்? காலையிலேயே உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: கொக்கியைக் கழட்டி விட்டதே நான்தான்டா. ரொட்டிக்காரம்மாகிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டேன். நல்ல குதிரையோட சேத்தா, குட்டி யாரைக் கொண்டு பிறந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? அதான், இந்தத் தெருவிலேயே மகா சோம்பேறி எதுன்னு தேடிப் பாத்து அனுப்பி வச்சேன்.