ஜெனோவா மறித்த லாரி

பிரசங்கத்தை இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திக்கிறேன். உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லணும்... கதைன்னு சொல்றேன், ஆனா அதுல நானும் இருக்கேன். கேட்டா உங்களுக்குக் கோபம் வரணும். எனக்கு இன்னும் அடங்கல.

இதுக்கு முன்னால நான் ஒரு கடற்கரைப் பங்குல சாமியாரா இருந்தேன். அங்க ஜெனோவான்னு ஒரு அம்மா. மீன் விக்கிறவங்க. ஒரே மகள். ஒன்பது வயசுல மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. கடலோரக் கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணினோம்.

கடல் வருஷத்துக்கு வருஷம் ஏறி வருது, உங்களுக்கே தெரியும். ஏறி வர்ற கடலுக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு மணல்மேடு இருந்துச்சு. அதையும் லாரி லாரியா அள்ளினாங்க. யாரு? வெளியூர்க்காரனா? நம்ம பங்கு மக்கள்தான். ஞாயிறு பூசையில முன்வரிசையில உட்கார்றவங்க.

ஒரு ஆனி மாசம் கடல் பொங்கி உள்ள வந்துச்சு. பதினோரு கல்லறை போயிடுச்சு... மறுநாள் காலையில ஜெனோவா என்கிட்ட வந்தாங்க. கையில ஒரு வெள்ளைத்துணி மூட்டை. கரையில ஒதுங்கின எலும்புகளை அவங்களே பொறுக்கிக் கட்டியிருக்காங்க. அதுல தன் மகளோடது இருக்கான்னுகூட அவங்களுக்குத் தெரியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பதினஞ்சு வருஷமா பிரசங்கம் பண்றவன்... "எல்லாம் ஆண்டவரோட சித்தம்மா"ன்னு சொன்னேன்.

அவங்க அழல. என்னைப் பார்த்து மெதுவாக் கேட்டாங்க: "சாமி, ஆண்டவரு எத்தனை லாரி வச்சிருக்காரு?"

அந்த லாரிகளுக்குப் புனித நீர் தெளிச்சு மந்திரிச்சுக் கொடுத்தவனே நான்தானே.

எலும்புகளை ஆலயத்துக்குப் பின்னால அடக்கம் பண்ணினோம். அன்னைக்கு மத்தியானமே ஜெனோவா போய் லாரி வர்ற பாதையில உட்கார்ந்தாங்க. தனியா. கையில செபமாலை. டிரைவர் ஹாரன் அடிச்சான், திட்டினான், கடைசியில கெஞ்சினான். அவங்க எழும்பல. மூணாம் நாள் மத்த மீன்காரப் பெண்களும் கூடையோட வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. நான்? ஆறாம் நாள்தான் போனேன். ஆறாம் நாள்... சொல்ல இன்னைக்கும் வெட்கமா இருக்கு.

இருபத்திமூணு நாள் கழிச்சு லாரி நின்னுச்சு. போன மணல் திரும்பல. போன கல்லறையும் திரும்பல.

பிறகு ஒருநாள் கேட்டேன், இவ்வளவு இழந்தும் எந்த நம்பிக்கையில உட்கார்ந்தீங்கன்னு. அவங்க சொன்னாங்க: "கடைசி நாள்ல என் பிள்ளை உயிரோட எழும்பும்னு நீங்கதானே சொன்னீங்க? எழும்பி வரும்போது அது கால் வைக்க ஒரு கரை வேண்டாமா சாமி?"

கேட்டீங்களா?... உயிர்ப்பை நம்புறோம்னு நாம வாராவாரம் வாயால சொல்றோம். அந்தம்மா அதை நம்பி வெயில்ல உட்கார்ந்தாங்க. கடல் ஏறுதே, மழை பொய்க்குதேன்னு அழறீங்களா? அழுங்க, தப்பே இல்ல. ஆனா அழுது முடிச்சிட்டு, பழியை ஆண்டவர்மேல போட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க. நம்புறவன் அந்தப் பாதையில போய் உட்காருவான்.

இந்த ஆலயத்துக்கு மணிக்கூண்டு கட்டப்போறோம். மணல் எந்த ஆத்துல இருந்து வருது? கமிட்டிக்காரங்க எழும்பி நின்னு சொல்லுங்க... நான் காத்திருக்கேன்.