இருபது பங்கு வெளிச்சம்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். அப்பா ஆணி அடிக்கிறேன், ஆணி அடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சர்வீஸில் இறந்தவர் வீட்டுக்கு வந்து, வாரிசில் யாருக்கு வேலை கொடுக்கலாம் என்று விசாரித்து எழுத வேண்டியவர் நீங்கள். படிவத்தில் என் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. மா. தமிழரசி, பி.எஸ்சி., பிசிக்ஸ். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கி மூன்று வருஷமாக அரிசியில் கல் பொறுக்குகிறேன்.

நீங்கள் கேட்டது இரண்டு. கீழே நசுங்கிக் கிடக்கிற மாருதியின் முன்கண்ணாடியில் எதற்குக் கறுப்பு ஃபிலிம்? விபத்தன்று அம்மாவுக்கு என்ன உடம்பு?

வரிசையாகவே சொல்கிறேன்.

அப்பாவுக்கு மே முப்பத்தொன்றில் ரிட்டயர்மெண்ட். அன்றோடு கார்டன் ரீச்சில் இந்தக் குவார்ட்டர்ஸும் போயிருக்கும். சாத்தூருக்குப் போய்விடுவது, அத்தை மகனுக்கு என்னைக் கட்டிவைப்பது என்று முடிவாகியிருந்தது. அவன் படித்தது எட்டாவது வரை. நான் இங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்கிறேன் என்றேன். "தனியாவா? ஊரு காறித் துப்பும்" என்றார். பிறகு சமாதானமாக, "படிச்சது வீணாப் போகாதும்மா. உன் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன வருஷம் மாடி வீட்டு வெங்கட்ராமன் மாமா ரிட்டயராக நாலு மாதம் இருக்கும்போது மாரடைப்பில் போனார். பத்தாம் நாள் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: "வத்சலா கொடுத்து வச்சவ. போன மனுஷன் சர்வீஸ்லயே போனாரு." அம்மாவும் தலையாட்டினாள். இன்று அவர் மகள் வத்சலா அந்த வாரிசு வேலையில் ஆபீஸ் போகிறாள், அதே வீட்டில் இருக்கிறாள். நான் அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சும் கூடவே வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று ஆபீஸில் மறைத்துவைத்திருந்தார். வெயிலில் கூசும், பொழுது சாய்ந்தால் மங்கும். கூசுவதற்குத்தான் ஃபிலிம் ஒட்டலாம் என்றேன். அக்கறையில்லாமல் அப்படித் தோன்றுமா, சொல்லுங்கள்.

மார்ச் மாதம் கிதிர்ப்பூரில் முகமது இஸ்மாயில் கடைக்கு வண்டியை எடுத்துப் போனோம். முன்கண்ணாடியில் நூற்றுக்கு எழுபது பங்கு வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது சட்டம். நான் கேட்டது இருபது பங்கு விடுகிற ஃபிலிம். அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். "அக்கா, சைடுல ஒட்டித் தர்றேன். முன்னாடி வேணாம். மழையில ஓட்டுறவன் குருடன்தான்" என்றார் இஸ்மாயில். எனக்குத் தெரியும், நான் பிசிக்ஸ் படித்தவள் என்றேன்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. "என் மக மாருதிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டுட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்பினேன். கலங்கின தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஆட்கள் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தார்கள். ஒரு ரிக்‌ஷாக்காரன் பானட்டுக்கு ஒரு முழம் முன்னால் முளைத்தான். டாஷ்போர்டைப் பிடித்த கை விடவில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்றார் அப்பா. நல்லா இருக்குப்பா என்றேன். அதற்குப் பிறகு அந்த வண்டியில் நான் ஏறவேயில்லை.

ஏப்ரல், மே முழுக்கப் பயத்திலேயே இருந்தேன் சார். சாயங்காலம் ஐந்தானால் ஜன்னலுக்குப் போய்விடுவேன். ஐந்தரைக்கு ஹார்ன் கேட்கும். அப்பா மெதுவாக ஓட்டப் பழகிவிட்டார். மங்கினால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டே ஓட்டி வருவார். முப்பத்தொன்றுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

மே இருபத்திரண்டாம் தேதி, வியாழன். நாலரைக்குக் கால்பைசாகி கிளம்பியது. அந்தப் புயல் வந்தால் பகலே இருண்டுவிடும், உங்களுக்குத் தெரியாததில்லை. போன் அடித்தது. அப்பா. குரலே சரியில்லை.

"தமிழு, கண்ணாடியில ஒண்ணுமே தெரியலம்மா. வண்டிய இங்கயே போட்டுட்டு பஸ்ல வந்துடட்டுமா? எனக்குப் பயமா இருக்கு."

எதற்கும் பயமாயிருக்கிறது என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், வண்டியோடு வாருங்கள் என்றேன். அங்கே அப்பா பக்கத்தில் நின்ற ஆபீஸ் நண்பர் பத்மநாபன் அங்கிள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டோரம் துறைமுகத்து கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. எல்லோரும் அந்த டிரெய்லர்காரனைத்தான் திட்டுகிறார்கள். முன்கண்ணாடி சுக்குநூறானது, ஆனால் ஒரு சில்லுகூட உதிரவில்லை. ஃபிலிம் பிடித்துவைத்திருக்கிறது. அம்மா தினமும் கீழே இறங்கிப் போய் அதைப் பார்க்கிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. இப்போதும் அடுக்களையில்தான் நிற்கிறாள். கேட்கட்டும்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. போனை வைத்ததிலிருந்து தகவல் வரும்வரை அந்த ஜன்னலில் நடுங்கிக்கொண்டுதான் நின்றேன். அப்பாவுக்காகத்தான் அந்த நடுக்கம் என்று இந்த மூன்று மாதமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.

ஆனால் நடுவில் ஒரு ஐந்து நிமிஷம் மழை விட்டது சார். மேற்கே வெளுத்தது, தெரு முனைவரை பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு நடுக்கம் கூடியது, வண்டி வந்துவிடுமோ என்று.