காப்புரிமை தெரியாத நோய்

"அப்ப உன்ரை மனிசனை இருபது வருசம் பொறுத்திருக்கச் சொல்லு!"

மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குச் செல்லும் காலைப் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த அம்மையார் அருகிலிருந்த இளம்பெண்ணிடம் இவ்வாறு சினந்தார். அப்பெண்ணின் மடியில், இரத்தப் புற்றுநோயுற்ற கணவரின் சிகிச்சைக் கோப்பு இருந்தது.

"நானோ அக்கா சட்டம் போட்டனான்? கண்டுபிடிச்ச கொம்பனிக்குத்தான் காப்புரிமையாம். இருபது வருசத்துக்கு வேற ஒருத்தரும் அந்த மருந்துக் குளிசையைச் செய்யேலாதாம். அதாலதான் யானை விலை."

"செய்யத் தெரியாதாமோ?"

"தெரியுமாம். செய்யக்கூடாதாம்."

"நல்ல கதை! எங்களிட்ட நல்ல விதைநெல் இருந்தா, அயலுக்குக் குடுத்துச் சாப்பாட்டு நெல்லா மாத்தி எடுக்கிறம். நீ விதைக்கக்கூடாதெண்டு ஆரும் சொல்லுறமோ?"

"நெல்லும் குளிசையும் ஒண்டோ அக்கா?"

"இல்லைத்தான். நெல் விளையாமப் பிழைச்சா மரவள்ளி அவிக்கலாம். ஏன், அரசாங்கம் காசு குடுத்து வேண்டித் தராதோ?"

"அந்த விலைக்கு இதை வெளிநாட்டில இருந்து இறக்கினா, மற்ற வருத்தக்காரரின்ரை மருந்துக்கு டொலர் மிஞ்சாதாம்."

அம்மையார் ஐயுற்றவராய்த் திரும்பினார்.

"வீட்டில இருக்கிற குளிசை எத்தினை நாளைக்குக் காணும்?"

"தினம் குடுக்கவேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குடுக்கிறன். டொக்டருக்குத் தெரியாது."

"அடி விசரி! டொக்டருக்கு ஒளிக்கலாம், உடம்பில இருக்கிற வருத்தத்துக்கு ஒளிப்பியோ?"

"சொன்னா ஏசுவார், அக்கா."

"ஆஸ்பத்திரியடி வந்திட்டுது, இறங்குங்கோ!" என நடத்துநர் கூவினார். சந்தைவரை பயணச்சீட்டுப் பெற்றிருந்த அம்மையார், அப்பெண்ணுக்கு முன்பாகவே எழுந்துவிட்டார்.

"வா. ஏச்சை நான் வாங்கிறன். நீ உள்ளதைச் சொல்லு."