ஒன்பதாம் கட்டிலின் அழைப்பு

தேநீரில் எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். உங்களுக்கும் என் வாக்குமூலத்தில் எழுத நிறைய இருக்கிறது.

பதினோரு வருடமாக அந்த மருத்துவமனையின் டிஎன்எஸ் என் கையில். கணினிகள் பெயர் கேட்டால் முகவரி சொல்லும் பட்டியல் அது. நோயாளிக்கு மூச்சு குறைந்தால், கட்டிலருகே உள்ள கருவி 'அபாயமணி' என்ற பெயருக்குரிய முகவரிக்குத் தகவல் அனுப்பும். நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். ஒருமுறை கேட்ட முகவரியைக் கருவி எத்தனை நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதையும் நான்தான் எழுதி வைப்பேன்.

என் தங்கை கணவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். இரண்டே வருடத்தில் எனக்கு மேலதிகாரி ஆகிவிட்டார். ஒரு கூட்டத்தில், "எல்லாம் கிளவுடுக்குப் போயிட்டா மச்சானுக்கு ரெஸ்ட்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அபாயமணியைக் கிளவுடில், அதாவது வெளி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஒரு புதுக் கணினிக்கு, மாற்ற நாள் குறித்தார்கள். அதற்குமுன் நினைவு நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கருவிகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

"மச்சான், அஞ்சு நிமிஷமா குறைச்சிட்டீங்களா?"

"ஆச்சு மாப்பிள்ளை."

உண்மையில் அந்த நேரத்தை ஏழு நாள் என்று கூட்டி வைத்திருந்தேன்.

அவர் தன் மடிக்கணினியில் சோதித்துப் பார்த்தார். அது அந்தப் பெயரை அதுவரை கேட்டதே இல்லை, அதனால் நேராகப் புது முகவரிக்குப் போனது. மணி அடித்தது. கைதட்டினார்கள். பழைய கணினியை அணைத்தார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு, அணைத்துவிட்ட பழைய முகவரிக்கு வரும் அழைப்புகள், நெட்வொர்க் பதிவேட்டின் வழியாக, என் திரையில் ஓட ஆரம்பித்தன. ஒன்பதாம் கட்டில், பத்து நொடிக்கு ஒருமுறை. அதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவது ஒரு நிமிட வேலை. வார்டின் தொலைபேசி எண்ணும் என் மேசையிலேயே ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளை பதறிக்கொண்டு வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். இருநூற்றுப் பதினாறு வரை எண்ணினேன். பிறகு யாரோ கருவியைக் கழற்றிவிட்டார்கள்.

ஒன்பதாம் கட்டிலில் இறந்துபோன அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநராம். அடுத்த நாள் வீட்டுக்குப் போக இருந்தாராம். பாவம்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான், எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று உதவி வேண்டும் என்று ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போகாமல் இருப்பவன் இல்லை நான்.