இரண்டு குமிழும் முழுதாகத் திறந்தபோது

டிசம்பர் 3, புதன்.

இன்று மாலை கிட்டார் பழுதுபார்க்கும் வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். பேஸ் கிட்டாரில் இரண்டு பிக்கப்புகளைப் பொருத்தும் பயிற்சி. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற, காந்தமும் செம்புச் சுருளும் கொண்ட சிறு கட்டைகள் அவை. ஒன்றில் வெள்ளைக் கம்பி போக வேண்டிய இடத்தில் கறுப்பைச் சால்டர் செய்துவிட்டேன். ஒவ்வொன்றாக வாசித்தபோது குறையே தெரியவில்லை. இரண்டின் ஒலியளவுக் குமிழ்களையும் முழுதாகத் திறந்ததும் சத்தத்தின் கனம் காணாமல் போனது. தகர டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டி மீட்டியது போல இருந்தது.

ஆசிரியர் குஸ்மா சிரித்தார். "தனித்தனியா விட்டா ரெண்டும் தங்கம். சேர்த்து விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். எங்க வீட்டுல நானும் என் பொண்டாட்டியும் மாதிரி."

கம்பிகளை இடம் மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

மார்ச் 11, புதன்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எதைச் சரியாகச் செய்தேன், எதில் அவசரப்பட்டேன் என்பது எனக்குப் பிடிபடும். கடலிலிருந்து மறுபடி யூகோ என்கிற ஈரக் காற்று அடிக்கிறது. சுவரெல்லாம் ஈரம். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து போய்ச் சன்னல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அது போட்டபடிதான் இருக்கிறது.

நெவியா என் அக்கா. ரியேகாவில், கொசாலா மேட்டு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவளுக்குப் பகலில் துறைமுக எடைமேடையில் வேலை, மாலையில் பேஸ் வாசிப்பு. அக்டோபரில் மீன் சந்தைப் படிகளில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டிருந்த வாரங்களில் நான்தான் அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டேன், இறைச்சியை நறுக்கிக் கொடுத்தேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவள் எங்கும் போகவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். இதற்கும் பிறகு நடந்ததற்கும் தொடர்பில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

கட்டுப் பிரித்த வாரமே கிராட்ஸ் நகரத்திலிருந்து ஓர் இசைக்குழு அவளைக் கூப்பிட்டது. ஈஸ்டருக்குள் போய் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே குடியேறி, வருடம் முழுக்க ஊர் ஊராகப் பயணம். கை இன்னும் தேறவில்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அவளுடைய கருவியில் பழைய பிக்கப்புகள் ஈரத்தில் செத்துப்போயிருந்தன. பழைய பாணியில் புதிதாக ஒரு ஜோடி வேண்டும் என்றாள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"டேய் எலியோ, எனக்கு நம்பரெல்லாம் சொல்லாத. பழைய சத்தம் வேணும். காதுல கேக்குறது இல்லடா, உள்ளங்கால்ல கேக்குறது. பெரிய கப்பல் கிளம்பறப்ப காலடியில தரை அதிருமே, அது."

"அதுக்குக் காந்தம் கொஞ்சம் சோம்பேறியா இருக்கணும் அக்கா."

"உன்ன மாதிரியா? அப்ப சரியாத்தான் வரும்."

இந்தப் பகுதியில் நான் நேர்மையாகவே உழைத்தேன். வலுவான காந்தம் போட்டால் ஒலி முன்னால் துள்ளும். வலு குறைந்த பழைய வகை, ஒலியைச் சற்றுத் தாமதமாக, உருண்டையாகக் கொடுக்கும். சுருளில் சுற்று கூடினால் கனம் கூடும், ஆனால் ஒலியின் தெளிவு போய்விடும். எத்தனையோ ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் முடிவெடுத்துவிட்டு, என் காதின் மீதே நம்பிக்கை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். கடைசியில் த்ரியெஸ்தே நகரில் கையால் சுருள் சுற்றும் ஒருவரிடம் செய்யச் சொன்னேன். கருநாவல் நிறப் பூச்சுக் கம்பி, துணி உறையிட்ட முனைகள், பழைய வகைக் காந்தம். அதைவிடப் பொருத்தமான ஜோடி அவளுக்குக் கிடைத்திருக்காது.

ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்டேன். இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றித் தரச் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்: பழைய ஜோடிகளில் இரண்டும் எதிரெதிராக இருக்கும், அதனால்தான் இரண்டையும் திறந்தால் மின்சார ரீங்காரம் அடங்குகிறது, ஒரே பக்கமாகச் சுற்றினால் இரையும், நிச்சயமா? நிச்சயம் என்றேன். எதிரெதிர் ஜோடியில் ஒன்றின் கம்பியை மாற்றினால் கனம் போகும், ஆனால் ரீங்காரம் இரட்டிப்பாகும்; எல்லோரும் கருவியைத்தான் சந்தேகிப்பார்கள். ஒரே பக்கம் சுற்றிய ஜோடியில் மாற்றினால் கனமும் போகும், ரீங்காரமும் போகும். இரையாத கருவியில் கோளாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

இந்த வகை பேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு குமிழையும் முழுதாகத் திறந்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். அக்காவும் அப்படித்தான். "குமிழைத் திருகிட்டு நிக்கறது கிட்டார்காரங்க வேலை," என்பாள்.

பிப்ரவரியில் பொருத்திக் கொடுத்தேன். அவளுடைய உள்ளூர்க் குழு ஒத்திகை பார்க்கும் நிலவறைக்கு நானும் போனேன். அன்று யூகோ. அக்கா வாசித்தாள். நின்றாள். கேபிளை மாற்றினாள். மறுபடி வாசித்தாள். தகர டப்பா.

"விடு நெவியா, யூகோ அடிக்குது," என்றான் டிரம்மர் ஸ்வோனெ. "எங்கம்மா சூப்புல உப்புப் போட மறந்துட்டு, காலையிலேர்ந்து என்னைத் திட்டிட்டிருக்கா."

"உன்னைத் திட்ட எதுக்குடா காத்து? சும்மாவே திட்டலாமே."

யூகோ அடிக்கும் நாட்களில் எங்கள் ஊரில் யாரும் தன் தலையை நம்புவதில்லை. வீடு விற்பதை, பெண் பார்ப்பதைக்கூடத் தள்ளிப் போடுவார்கள். தலைவலி, சண்டை, காதடைப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் காற்றே பொறுப்பு. ஆகவே அந்த வாரம் முழுக்க அவள் கவலைப்படவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் அவசர அழைப்புகளை எடுப்பது என் வேலை; யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு தொலைபேசியில் கத்தினார்கள். நான் வேறு ஏதோ முகவரியை எழுதிவிட்டேன்.

பிறகு மலைப்பக்கமிருந்து புரா என்கிற வறண்ட காற்று வீசியது. வானம் கழுவி விட்டது போலானது. தீவுகள் கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்தன. எல்லோருக்கும் தலை தெளிந்தது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அக்கா வாசித்தாள். அதே தகரம்.

"கருவியில ஏதாச்சும் இருக்கும்," என்றான் ஸ்வோனெ. "எலியோ, நீதானே மாட்டின? வாங்கிப் பாரேன்."

வாங்கினேன். குழல் விளக்கால் இரைச்சல் வரும் என்று சொல்லி அதை அணைக்கப் போனேன். முதுகு அவர்கள் பக்கம் இருந்தபோது சுண்டுவிரலால் பின்குமிழை மூடி, ஒரு பிக்கப்பை மட்டும் விட்டேன். திரும்பி நின்று, அவள் வாசித்ததையே வாசித்தேன். நான் நன்றாக வாசிப்பவன் அல்ல. ஆனாலும் தரை அதிர்ந்தது. மூலையில் இருந்த காலி பீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஸ்வோனெ குச்சிகளைக் கீழே வைத்தான். விளக்கைப் போடப் போகும்போது குமிழைத் திறந்துவிட்டு, கருவியை அவளிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். பாட்டில்கள் அசையவில்லை.

"கையா?" என்று அக்கா கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

"கைதான்," என்றேன்.

என் கணக்கு அதோடு முடிந்துவிட்டது. இந்த ஈஸ்டருக்குப் போகாமல் இருப்பாள், கைக்கு ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதான். அவள் இப்படிச் செய்வாள் என்று நான் யோசிக்காமல் விட்டது என் பிழை. விரல் நுனி கிழியும்வரை பயிற்சி செய்தாள். பிறகு மருத்துவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கிறது, படத்தில் குறை ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். "வலிக்குதா?"

"வலி இல்ல டாக்டர். சத்தம் இல்ல."

அவள் விடவில்லை. கடைசியில் அவர், உள்ளே தழும்பு தசைநாரைப் பிடித்திருக்கலாம், அறுவை செய்து திறந்து விடுவித்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது, விரல்கள் இப்போது இருப்பதைவிட விறைத்துப் போகவும் கூடும் என்றார். என் பக்கம் திரும்பினார். "வீட்டுல நீங்க என்ன நினைக்கிறீங்க?"

முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும் என்றேன். இப்போதும் என் அபிப்பிராயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நான் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் உருளைக்கிழங்கின் தோலை அந்தக் கையால்தான் சீவினாள். வேகமாக, ஒரே சுருளாக.

"எல்லாரும் காத்துன்னாங்க, கேபிள்னாங்க, ஈரம்னாங்க," என்றாள். "நீ ஒருத்தன்தான்டா எங்கிட்ட பொய் சொல்லல."

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பேஸ் அடுத்த அறையில் சுவரில் சாய்ந்திருந்தது. சால்டர் கம்பி என் பையில் இருந்தது. இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்தேன். சொன்னால் கோபத்தோடு கிராட்ஸ் போவாள். கோபத்தில் இருப்பவள் கையைக் கவனிக்க மாட்டாள். கையை உத்தேசித்துச் சொல்லாமல் விட்டேன். இதில் எனக்கென்று லாபம் எதுவும் இல்லை என்பதையும் சரிபார்த்துக்கொண்டேன். இன்று காலையிலிருந்து அதையே பலமுறை சரிபார்த்தேன்.

நேற்று அவள் கிராட்ஸுக்குத் தொலைபேசியில் பேசி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பேசி முடித்து நெடுநேரம் வலது கையை மேசைமேல் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, எழுத வேண்டியது இவ்வளவுதான். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. நாளை அதைத் திறக்கப் போகிறார்கள். அப்படி ஆக்கியவன் நான்.

நாளை: ஆறரைக்கு வண்டி. அவளுடைய செருப்பும் துவாலையும் எடுத்து வைக்க வேண்டும். முன்னால் பொத்தான் வைத்த சட்டையாக எடுக்க வேண்டும், நான் போட்டுவிட வசதி. சூப்புக்கு இறைச்சியைச் சிறியதாக நறுக்க வேண்டும், இடது கையால் கரண்டியில் எடுக்கிற அளவுக்கு. மாவுக்கட்டு பிரித்து அவள் முதல் முறை வாசிக்கும்போது சத்தம் கனமாக வர வேண்டும். பட்ட வலி வீண் போகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் இரையும், பரவாயில்லை. ஆகவே அவளை மருத்துவமனையில் விட்டு வந்ததும், முதல் வேலையாக வெள்ளைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் அதனதன் இடத்தில் வைத்துச் சால்டர் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை.