டியூப்லைட் மரகதம்

எழுபதுகளின் சினிமாப் பாட்டென்றால் எனக்கும் உயிர், ஷாரோன். இந்தப் பிள்ளையார்பாளையத்து வீட்டில் ரேடியோ பாடும், தறியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் சபாபதி கூடவே பாடுவார். பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளுவது என் வேலை. சோகப் பாட்டு வந்தால் புடவை நகராது. குத்துப்பாட்டு வந்தால் மளமளவென்று ஒரு முழம் ஏறிவிடும். அந்த நாட்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிவி வந்த பிறகுதான் வினை. தெருவுக்கே ஒரு டிவி, வாரம் ஒரு சிரிப்பு நாடகம். எதையும் ஒரு நாள் கழித்தே புரிந்துகொள்கிற மனைவி ஒருத்தி அதில் வருவாள், பெயர் டியூப்லைட் மரகதம். மறுநாள் காலையிலிருந்து நான் மரகதம். நாடகம் நின்றது, அந்த டிவியும் பழைய இரும்புக்குப் போனது. பெயர் மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. கலாவதி என்பது ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. என் அப்பாவின் சாவு வீட்டில் நான் விக்கித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் லைட்டு எரியலபா. நம்ம மரகதம் நாளைக்குத்தான் அழுவா" என்றார் இவர்.

பிணத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போனது, பயிற்சி கொடுக்க நீ வந்தாய். பேச வராதவருக்கும் பாட வரும், பழைய பாட்டைப் போட்டுப் பாட வையுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு வரும், முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்றாய். தினமும் டிக் அடிக்க ஒரு நோட்டும் கொடுத்தாய். நீ சொன்னது பொய்யில்லை. ஒன்பதாம் நாள் ஒரு பல்லவியை முழுசாகப் பாடினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னைப் பார்த்து, கோணிய வாயால் சிரித்து, முதல் வார்த்தை சொன்னார்.

"மரகதம்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை நிறுத்தினேன். பிறகு அதைத் தொடவில்லை. நோட்டில் டிக் மட்டும் தவறாமல் அடித்தேன். அவராக முனக ஆரம்பித்தால் ஒரு ஸ்பூன் கஞ்சியை வாயில் வைப்பேன். சில நாள் புரையேறும், தலையில் தட்டிக்கொடுப்பேன். ஒரே மாதத்தில் முனகலும் நின்றுவிட்டது. கஞ்சியில் உடம்பு தேறியிருக்கிறது என்று நீயே மெச்சினாய்.

"ஏன் ஆன்ட்டி, ஒரு வார்த்தகூட வரமாட்டேங்குது?" என்று போன வாரம் கேட்டாயே, அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. பாட்டைப் போட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, கண்ணீர் வந்தது.

"நான் யாருங்க?" என்று கேட்டேன். பதிலையும் நானே சொன்னேன்.

"கலாவதி. சரிதானே?"

ஆமாம் என்று தலையாட்டினார். மோவாயைப் பிடித்திருந்தது என் கைதான். ஆனால் தலையை ஆட்டியது அவர்தான், ஷாரோன்.